எட்டு இருபது பாசஞ்சர்

ரயிலே இல்லாத மரக்காணத்தில் ஒரே ஒரு வண்டி மட்டும் பத்து வருஷம், ஒரு நாள் தவிர, ஒரு நிமிஷம்கூட லேட்டாகாமல் ஓடியது. அந்த வண்டியின் பெயர் செல்வி. இரட்டைச் சடை, மஞ்சள் பை, பித்தளைத் தூக்கு. காலை எட்டு இருபதுக்கு எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும். அதற்குப் பச்சைக் கொடி காட்டி அனுப்பியவர் அவளுடைய தாத்தா. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கீமேன்.

இந்த தேசத்தில் எத்தனையோ ரயில்வேக்காரர்கள் ரிட்டயர் ஆகியிருப்பார்கள். தான் ரிட்டயர் ஆனதை நம்ப மறுத்தவர் இவர் ஒருவர்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கீமேன் என்றால் என்ன வேலை என்று எனக்கும் முதலில் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள். அவரே ஒரு நாள் விளக்கினார். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் இரும்பு ஆப்புக்கு ரயில்வேயில் சாவி என்று பேராம். தினமும் விடிந்ததும் நீளக் காம்பு போட்ட சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, தனக்கென்று ஒதுக்கிய மைல் கணக்கான தண்டவாளத்தை நடந்தே பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாவியையும் தட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் ஒரு சத்தம். தளர்ந்ததை அடித்து இறுக்க வேண்டும். பெரிய கோளாறு என்றால் சிவப்புக் கொடி நட்டு வண்டியை நிறுத்த வேண்டும். விழுப்புரம் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் இப்படி நடந்திருக்கிறார்.

"எத்தினி வண்டி என் காதை நம்பிப் போச்சு தெரியுமாம்மா? டிரைவருக்குக் கண்ணு. எனக்குக் காது" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மகன் வயிற்றுப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். செல்விக்கு அப்போது எட்டு வயது. தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அவள் அம்மா பிறந்த வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி, அந்தக் குழந்தைக்குத் தாயாகவும் தகப்பனாகவும் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான். பத்து வருஷம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தெரு உப்பளத்தை ஒட்டிய பதினாறு வீடு. என் வீட்டுக்காரர் அங்கே கங்காணி. அளத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். கோயிலுக்கு எதிரே, கடல் தண்ணீரைப் பாத்திகளுக்குக் கொண்டுவரும் வாய்க்கால். அதன் மேல் ஒரு மரப்பாலம். பள்ளிக்கூடம், பஸ், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். நாங்களும் அம்மனும் இந்தப் பக்கம்.

வந்த மறுநாளே அவர் பாலத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு நாள் பனங்கட்டையைச் செதுக்கி இருபத்திரண்டு ஆப்பு செய்து, பலகைகளுக்கு நடுவே அடித்து இறுக்கினார். அன்றிலிருந்து தினம் காலை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சுத்தியலோடு புறப்படுவார். ரயில்வே சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் இங்கே கொல்லரிடம் சொல்லி அதே அளவில் ஒன்று செய்து வைத்திருந்தார். இருபத்திரண்டு ஆப்பையும் தட்டி, கரை ரோடு முழுக்க நடந்து, பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பி, கோயில் முன்னால் நிற்பார். எட்டு இருபதுக்குச் செல்வி வருவாள். பச்சைக் கொடியை உயர்த்துவார். அவள் பாலத்தைக் கடந்து கண்ணுக்கு மறையும்வரை கொடி இறங்காது.

அந்தப் பச்சைக் கொடி செல்விக்குக் காது குத்தியபோது அவள் அம்மா தைத்த பாவாடை. அவளுக்குச் சின்னதாகிப் போனதும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, மூங்கில் குச்சியில் கட்டினார். சிவப்புக் கொடிக்குத் தன் தலைப்பாகையைக் கிழித்தார்.

நாங்கள் முதலில் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? அவர் பாலத்தோடு நிறுத்தவில்லையே. கையில் சுத்தியல் இருந்தால் கண்ணில் பட்டதெல்லாம் சாவிதான். கட்டில் காலைத் தட்டுவார். கதவு நாதாங்கியைத் தட்டுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தக்கால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத்தான் பந்திக்கு வருவார். ஒரு தடவை என் வீட்டுக்காரர் முழங்கால் வலி என்று வாசலில் உட்கார்ந்திருந்தார். கீமேன் எதிரே வந்து நின்றார். முழங்காலைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அந்த முழங்காலோடு வீட்டுக்குள் ஓடினார். வலி அன்றோடு போயிற்று.

சிரிப்பு நின்றது உப்பு வண்டி விஷயத்தில்.

ஒரு நாள் மாட்டு வண்டி ஒன்று உப்பு மூட்டையோடு பாலத்தடியில் வந்து நின்றது. கீமேன் சக்கரத்தைத் தட்டினார். டொக் என்றது.

"ஏம்பா, கடையாணி தளந்திருக்குது. வண்டிய எடுக்காத."

வண்டிக்காரன் பீடியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றினான். "பெருசு, இது இன்னா மெட்ராஸ் மெயிலா? ஓரமாப் போ."

அவர் ஓரமாகப் போகவில்லை. வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடியை நட்டார். வண்டிக்காரன் இறங்கி வந்து கொடியைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டினான். பாலத்தின் நடுவில் சக்கரம் கழன்று தனியாக உருண்டு போனது. வண்டி சாய்ந்தது. மாடுகள் நுகத்தடியை உருவிக்கொண்டு கரையேறின. அத்தனை மூட்டையும் வாய்க்காலில். கடல் தண்ணீரை மாதக்கணக்கில் காயவைத்து எடுத்த உப்பு, ஒரு நொடியில் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கீமேன் திட்டவில்லை. நனைந்து நின்ற வண்டிக்காரனுக்குத் துண்டு கொடுத்தார். கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நல்லாக் கேட்டுக்க. நட்ட கொடிய நட்டவன்தான் எடுக்கணும். கலெக்டரே வந்தாலும் அடுத்தவன் கை வைக்கக் கூடாது. இது ரூல்."

அந்த ரூல் எங்கள் தெருவுக்கும் ரூலானது. எந்த அளவுக்கு என்றால், ஒரு முறை தெரு அடிபம்பின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, திருகாணி சரியில்லை என்று பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டார். உடனே திண்டிவனத்தில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டிய ஞாபகம் வந்து பஸ் ஏறிவிட்டார். கொடி அங்கேயே நிற்கிறது. பதினாறு வீட்டுப் பெண்களும் பாலத்தைத் தாண்டிப் போய்க் குடத்தில் தண்ணீர் சுமந்தோம்.

"பதினாறு ஊட்டு ஆம்பளைங்க இருக்கோம். ஒரு குச்சியப் புடுங்க முடியலையா?" என்று என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கொடிக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்துவிட்டார்.

"ஏங்க, என்னாச்சு?"

"வந்துரட்டுமே. வயசானவரு."

சாயங்காலம் ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்து அவரே எடுத்தார். நாங்கள் காத்திருந்ததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

செல்வி பத்தாவது முடித்தாள். பிறகு டவுனில் தையல் கிளாஸ். வண்டி அதே வண்டி, நேரமும் அதே எட்டு இருபது. பாவாடை தாவணியானது ஒன்றுதான் வித்தியாசம். வயதுப் பெண்ணைக் கொடி காட்டி அனுப்புகிறாரே என்று டவுனில் கேலி பேசினார்கள். செல்வி அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஒரு நாள் மழையில் அவருக்குக் காய்ச்சல். கொடி காட்ட ஆள் இல்லை. அவள் பையோடு கோயில் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். நான்தான், "போடி, கிளாஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

"லைன் கிளியர் இல்லாம எப்படிக்கா போறது?" என்று கேட்டாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கொடி காட்டிய பிறகுதான் போனாள்.

அவளுக்கு வரன் வந்தது. பெருமுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பையன். பெண் பார்க்க வந்தபோது நானும் அந்த வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். பையன் நாற்காலியில் உட்காரப் போனான். கீமேன் கையை நீட்டித் தடுத்து, நாற்காலியின் நான்கு காலையும் தட்டினார். மூன்றாவது கால் டொக்.

"நில்லுங்க தம்பி. பாத்துட்டுச் சொல்றேன்."

பிறகு அவர் பையனின் தாய்மாமனோடு பேச்சில் இறங்கிவிட்டார். வேறு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. பையன் ஒரு கையில் காபி, ஒரு கையில் பஜ்ஜி என்று அரைமணி நேரம் நின்றான். முகம் கோணவில்லை. பெண்ணையும் நின்றபடியே பார்த்தான். அவர்கள் போனதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"என்னா மாமா, வந்த மாப்பிள்ளைய நிக்க வெச்சே அனுப்பிட்டீங்களே."

"அதாம்மா பரீட்சை. அரைமணி நேரம் சிக்னல் இல்லாம நின்னான். ஒரு தபா ஹாரன் அடிச்சானா? இவன்தான் மாப்பிள்ள" என்றார்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் மாரியம்மன் கோயிலில் கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரை அடித்தால் ராகு காலம். தாயில்லாப் பெண் என்று எங்கள் தெருவே தோளில் போட்டுக்கொண்டு செய்த கல்யாணம் அது.

அன்று விடியற்காலையில் நான் கோயில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கீமேன் வந்தார். புது வேட்டி, அதன் மேல் பழைய காக்கிச் சட்டை. பாலத்தில் ஏறினார். ஆப்புகளைத் தட்ட ஆரம்பித்தார். பத்து வருஷமாகக் கேட்ட சத்தம். எனக்கும் காது பழகியிருந்தது. டக், டக், டக். இருபத்திரண்டும் டக். ஒன்றுகூட டொக் இல்லை. கடைசி ஆப்பைத் தட்டிவிட்டு அப்படியே நின்றார். பிறகு தோள் பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்து, பாலத்தின் நட்ட நடுவில் பலகை இடுக்கில் செருகினார். என் பக்கம் திரும்பாமல் அளத்து வரப்பில் இறங்கி நடந்து போய்விட்டார்.

ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கோலத்தை முடித்தேன்.

எட்டரை மணிக்கு மாப்பிள்ளை வேன் வந்தது. ஓட்டி வந்தவன் மரக்காணத்து ஏழுமலை. கொடியைப் பார்த்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கமே பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

தாய்மாமன் இறங்கினார். "ஏம்பா, என்னா நிறுத்திட்ட?"

"கொடி இருக்குதுங்களே."

"எந்தக் கட்சிக் கொடி?"

"கட்சி இல்லீங்க. கீமேன் கொடி."

"ஒரு குச்சியில துணி கட்டியிருக்குது. புடுங்கிப் போட்டுட்டு வண்டிய எடுப்பா."

"நான் புடுங்க மாட்டேங்க. எனக்கும் புள்ளக்குட்டி இருக்குது" என்ற ஏழுமலை, அந்த உப்பு வண்டிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொன்ன கதையில் மாடுகளும் செத்துப் போயின. அதைக் கேட்ட பிறகு நடந்துகூடப் பாலத்தில் கால் வைக்க யாரும் துணியவில்லை.

இந்தப் பக்கம் நாங்கள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறோம். அந்தப் பக்கம் இருபது பேர் பட்டும் சந்தனமுமாக வெயிலில் நிற்கிறார்கள். நடுவில் ஒரு முழத் துணி காற்றில் ஆடுகிறது. நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பதை மூன்று முறை வாசித்துவிட்டு, நான்காவது முறை சுவாரஸ்யம் இல்லாமல் வாசித்தார். ஒன்பது அடித்தது. ஒன்பதரை அடித்தது.

"பொண்ணு ஊட்டுக்காரங்க அவமானம் பண்றாங்க. வாங்கடா திரும்பிப் போலாம்" என்று தாய்மாமன் கத்தினார். பாதி சனம் வேனில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் மாலையோடு கொடியைப் பார்த்தபடி நின்றான்.

"நட்டவங்க வந்து எடுக்கட்டும் மாமா" என்றான்.

"பத்தரைக்கு மேல தாலி கட்டுவியா? அதுக்கு நான் நிக்க மாட்டேன்."

என் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. செல்வி. கூறைப் புடவையும் மாலையுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். "அக்கா, தாத்தா எந்தப் பக்கம் போனாரு?"

கைகாட்டினேன். கல்யாணப் பெண் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன்.

இரண்டு பாத்தி தள்ளி, கீற்று வேய்ந்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மடியில் சுத்தியல்.

"எந்த ஆப்பு தாத்தா?" என்றாள் செல்வி.

"பதினேழாவது" என்றார்.

"ரொம்பவா தளந்திருக்குது?"

"வண்டி போனா தாங்காதும்மா."

அவள் குனிந்து அவர் மடியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டாள். மறு கையால் அவர் கையைப் பிடித்தாள். எட்டு வயதில் அவர் அவளைக் கூட்டிவந்த மாதிரி, அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாலத்தில் ஏறி, எண்ணிக்கொண்டே போய், பதினேழாவது ஆப்பைத் தட்டினாள்.

டக்.

இரண்டு பக்கமும் கேட்டது.

"நல்லாத்தானேய்யா இருக்குது? அப்ப எதுக்குய்யா எங்கள நிறுத்தின?" என்றார் தாய்மாமன்.

கீமேன் தலை நிமிரவில்லை. முப்பத்திரண்டு வருஷமும் பத்து வருஷமும் அவர் காதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. பதினாறு வீட்டு சனமும் இப்போது அவரையே பார்த்தது. அவர் ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்?

நான் கோயில் பக்கம் திரும்பிக் கையை நீட்டினேன். "மாரியம்மா மேல சத்தியமாச் சொல்றேன். காலையில நான் கோலம் போடும்போது அது டொக்குன்னுதான் கேட்டுது. பெரியவரு அடிச்சு இறுக்கி, தண்ணி ஊத்தி, ஊறி உப்பட்டும்னு கொடிய நட்டுட்டுப் போனாரு. இப்ப ஊறிடுச்சு."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் மரம் ஊறினால் உப்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. "அதைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்று தாய்மாமன் குரலை இறக்கினார். பூசாரி கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். பத்து.

செல்வி தன் இடுப்பில் செருகியிருந்ததை உருவினாள். பச்சைக் கொடி. அதை எப்போது எடுத்துச் செருகினாளோ தெரியாது.

"லைன் கிளியர் குடுங்க தாத்தா. வண்டி லேட்டாவுது."

அவர் போய்ச் சிவப்புக் கொடியை எடுத்து, மூங்கிலில் சுற்றிப் பையில் வைத்தார். அவசரப்படவில்லை. ரூல்படிதான் செய்தார். பிறகு ஓரமாக நின்று, காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டு, அந்தக் காது குத்துப் பாவாடையை உயர்த்தினார். வேன் பாலத்தில் ஏறியது. இருபத்திரண்டு ஆப்பும் கிண்ணென்று தாங்கின. பத்தேகாலுக்குத் தாலி ஏறியது.

மத்தியானம் அதே வேன் செல்வியோடு பெருமுக்கல்லுக்குத் திரும்பியது. அப்போதும் கொடி காட்டினார். வேன் போய், அது கிளப்பிய புழுதியும் அடங்கிய பிறகும் அவர் கை இறங்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் மெதுவாகப் பிடித்து இறக்கினார்.

சாயங்காலம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன்.

"ஏம்மா, சாமி மேல பொய் சத்தியம் பண்ணிட்டியே."

"நீங்க பொய்க்கொடி நட்டீங்களே மாமா."

தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சர்வீஸ்ல ஒரு வண்டியக்கூடக் காரணம் இல்லாம நிறுத்தினதில்லம்மா. இன்னிக்குக் கை தானா நட்டுடுச்சு."

அந்தப் பொய்க்காக ஆடி மாதம் அம்மனுக்கு ஒரு குடம் கூழ் அதிகமாக ஊற்றினேன். மன்னிப்புக் கேட்டு அல்ல. என் பக்கம் நின்றதற்கு. என் அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செல்விக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை மாதம் தவறாமல் எல்லோரையும் சைக்கிளில் உட்காரவைத்து ஓட்டி வருவான். பாலத்துக்கு முன்னால் இறங்கி, மணி அடிக்காமல், கொடிக்காகக் காத்து நிற்பான்.

ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஒன்று நடந்தது. பாலத்தில் அதே டக் டக் சத்தம் கேட்டது. எட்டே காலுக்கு எட்டிப் பார்த்தேன். கீமேன் காக்கிச் சட்டையோடு, பச்சைக் கொடியோடு கோயில் முன்னால் நின்றிருந்தார். அனுப்ப வண்டி இல்லை. நான் அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு, சரியாக எட்டு இருபதுக்குப் பாலத்தைக் கடந்தேன். கொடி உயர்ந்தது.

அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்த ஐந்து வருஷமும் தினம் அப்படித்தான் போனேன். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.